கிராமிய நடனத்தைத் தேடி எடுத்த செசில் ஷார்ப்

கணிதம் படித்தார். பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆனார். 40 வயது வரை செசில் ஷார்ப் என்ற பெயரை வெளி உலகம் அறியாது.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தவை 24 ஆண்டுகள்தான். அந்த 24 ஆண்டுகளில் அவர் செய்த வேலையால், இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வார இறுதி இரவுகளில் மாதா கோவில் கூடங்களிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் ஜனங்கள் வரிசை கட்டி நின்று ஆடுகிறார்கள்.

1859-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி லண்டனில் பிறந்தார் ஷார்ப். தந்தை ஸ்லேட் கல் வியாபாரி. தாய்க்குச் சங்கீதத்தில் பிரியம் அதிகம். பிறந்த நாளோ, இசைக்குரிய புனிதவதி செசிலியாவின் திருநாள். அதனால்தான் குழந்தைக்குச் செசில் என்று பெயர் வைத்தார்கள்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு, 1882-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். அடிலெய்டு நகரில் பாங்கி வேலை. பிறகு அங்குள்ள பிரதம நீதிபதியிடம் உதவியாளர் பதவி. ஓய்வு நேரம் முழுவதும் பியானோவும் பாடகர் குழுவும்தான். 1892-ல் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டு கல்யாணம். அதே ஆண்டு, பணக்கார வீட்டுப் பையன்கள் படிக்கும் ஒரு பள்ளியில் சங்கீத ஆசிரியர் உத்தியோகமும் கிடைத்தது.

நல்ல உத்தியோகம்தான். ஆனால் அவர் எழுதிய இசையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆஸ்துமா வேறு வாட்டியது.

உறைபனி செய்த உதவி

1899-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹெடிங்டனில், மாமியார் வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார் ஷார்ப். பகலில் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. எல்லோரும் வெள்ளை உடை. உடையெல்லாம் ரிப்பன். முழங்காலுக்குக் கீழே வரிசை வரிசையாகச் சிறு மணிகள். கையில் குச்சியும் கைக்குட்டையும்.

ஓர் இளைஞர் கான்சர்ட்டினா என்ற துருத்திப் பெட்டியை இசைத்தார். மற்றவர்கள் குதித்து ஆடினார்கள். மாரிஸ் என்று பெயர் பெற்ற பழைய ஆட்டம் அது.

உண்மையில் அது மாரிஸ் ஆடும் காலமே அல்ல. வசந்தம் முடியும் சமயத்தில் வரும் விட்சன் பண்டிகையில்தான் அதை ஆடுவது வழக்கம். ஆனால் அந்த ஆண்டு கடும் உறைபனி. கட்டட வேலை நின்றுபோயிற்று. ஆடியவர்களோ கொத்தனார்களும் கூலிகளும். கையில் காசு இல்லை. நாலு காசு கிடைக்கட்டும் என்று அகாலத்தில் ஆட வந்துவிட்டார்கள்! அந்தச் சங்கடம் அவர்களுக்கே இருந்தது.

பனி பெய்யாமல் இருந்திருந்தால் ஷார்ப் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

கான்சர்ட்டினா வாசித்த இளைஞர் வில்லியம் கிம்பர். அப்போது வயது 27. கொத்தனார். மறுநாள் ஷார்ப் அவரை அழைத்து உட்காரவைத்து, மெட்டுகளை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். ஷார்ப்புக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த முதல் குரு இந்தக் கொத்தனார்தான். கிம்பர் 89 வயது வரை வாழ்ந்தார். அவர் காலமானது 1961-ம் ஆண்டு, அதே டிசம்பர் 26-ந் தேதி!

எழுதிய மெட்டுகள் ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்தன. ஷார்ப்பின் கவனம் பாட்டின் பக்கம் திரும்பியது. 1903-ல் சாமர்செட் மாவட்டத்தில் ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டார். அன்று தொடங்கி ஊர் ஊராக அலைந்து கிழவர்களிடமும் கிழவிகளிடமும் பாட்டுச் சேகரித்தார். வாழ்நாளில் அவர் எழுதிச் சேர்த்த மெட்டுகள் ஏறக்குறைய 5,000.

தையல்காரப் பெண்கள்

லண்டனில் மேரி நீல் என்று ஒரு சமூக ஊழியர் இருந்தார். தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காக எஸ்பரன்ஸ் என்ற சங்கத்தை நடத்திவந்தார். பகல் முழுவதும் ஊசியோடு போராடும் பெண்கள், மாலையில் அங்கே வந்து பாடுவார்கள், ஆடுவார்கள். ஷார்ப் சேகரித்த பாட்டுகள் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன. பாட்டோடு சேர்ந்த ஆட்டம் ஏதாவது உண்டா என்று 1905-ல் ஷார்ப்பிடம் விசாரித்தார் மேரி நீல். ஷார்ப்புக்கு ஹெடிங்டன் ஞாபகம் வந்தது.

மேரி நீல் தாமதிக்கவில்லை. கிம்பரைக் கண்டுபிடித்து லண்டனுக்கே வரவழைத்துவிட்டார். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைத் தையல்காரப் பெண்கள் சில நாள் மாலைகளில் கற்றுக்கொண்டார்கள். 1906-ல் மேடையில் ஆடியபோது ஒரே பாராட்டு. கற்றுக்கொடுக்கச் சொல்லி ஊர் ஊராக அழைப்பு வந்தது. நேற்று வரை ஊசி பிடித்த பெண்கள், ஊர்களுக்குச் சென்று ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியைகள் ஆனார்கள். 1907-ல் ஷார்ப்பின் முதல் மாரிஸ் புத்தகம் வெளிவந்தது.

சேர்ந்து நடந்தவர்கள் விரைவிலேயே பிரிந்தார்கள்.

மேரி நீலுக்கு மகிழ்ச்சிதான் முக்கியம். ஆட்டம் எழுத்தறியாத ஜனங்களின் சொத்து. அவர்களிடமிருந்து நேராகக் கற்று, சந்தோஷமாக ஆடினால் போதும். கால் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் குடி முழுகிவிடாது என்பது அவர் கட்சி. ஷார்ப் ஒப்பவில்லை. கண்டபடி ஆடினால் சில ஆண்டுகளில் பழைய ஆட்டம் காணாமல் போய்விடும். தேர்ந்தவர்கள் சரியாகக் கற்று, சரியாகவே கற்பிக்க வேண்டும் என்றார். 1909-ல் லண்டன் செல்சியில் தனியாக ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். பத்திரிகைகளிலும் சண்டை நடந்தது.

யார் பக்கம் நியாயம்? ஷார்ப் எழுதி வைக்காவிட்டால் பல ஆட்டங்கள் கிழவர்களோடு போயிருக்கும். அது உண்மை. ஆனால் நடனத்தைக் கூலிக்காரர் கையிலிருந்து வாங்கி, படித்தவர்களின் பரீட்சைப் பாடமாக ஆக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் முற்றிலும் பொய் அல்ல. மேரி நீலின் சங்கம் 1914-ல் யுத்தத்தோடு மூடப்பட்டது. அவருடைய பெயர் நெடுங்காலம் மறைந்துகிடந்தது. 1937-ல்தான் அரசாங்கம் அவருக்கு விருது அளித்தது.

1651-ம் ஆண்டுப் புத்தகம்

மாரிஸ் என்பது மேடைக்கும் வீதிக்கும் உரிய ஆட்டம். பயிற்சி பெற்றவர்கள் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆனால் கிராமங்களில் இன்னொரு வகை ஆட்டமும் இருந்தது. எல்லோரும் ஆடுவது, வேடிக்கை பார்க்க யாரும் மிஞ்சாதது. அதற்குக் கன்ட்ரி டான்ஸ் என்று பெயர்.

ஆண்கள் ஒரு வரிசை. பெண்கள் எதிர் வரிசை. எத்தனை ஜோடி வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம். இரண்டிரண்டு ஜோடியாக ஆடுவார்கள். மெட்டு ஒரு சுற்று முடியும்போது, முதல் ஜோடி ஓர் இடம் கீழே இறங்கியிருக்கும். அடுத்த ஜோடி ஓர் இடம் மேலே ஏறியிருக்கும். அடுத்த சுற்றில் புதிய ஜோடியோடு அதே ஆட்டம். இப்படியே நகர்ந்தால், பிடில் ஓய்வதற்குள் பண்ணையாரும் பால் கறக்கும் பெண்ணும் கை கோத்திருப்பார்கள். ஜோடியைத் தேர்ந்தெடுப்பதோடு அவரவர் இஷ்டம் முடிந்தது. மற்றதை வரிசை பார்த்துக்கொள்ளும்!

1909-ல் கிராமங்களில் பார்த்த 18 ஆட்டங்களை ஷார்ப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு பழைய ஏடுகளில் இறங்கினார். ஜான் பிளேஃபோர்டு என்ற லண்டன் புத்தக வியாபாரி, கிராம்வெல் காலத்தில், 1651-ல் ஆட்டப் புத்தகம் ஒன்றை வெளியிட்டிருந்தார். நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், மெட்டோடு. அந்தக் காலத்தில் அது பல பதிப்புகள் விற்றது.

ஆனால் அதைப் படித்து ஆடுவது லேசு அல்ல. ஆடத் தெரிந்தவர்களுக்காக எழுதிய குறிப்பு அது. எந்தப் பக்கம் போவது, எத்தனை அடி வைப்பது, எந்தக் கையைக் கொடுப்பது? பல இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. கணிதம் படித்த மூளை இங்கேதான் உதவியது. மெட்டின் தாளத்தை எண்ணி, இந்த அசைவு இத்தனை தாளத்துக்குள் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டு, புதிர் விடுவிப்பதுபோல் ஒவ்வோர் ஆட்டமாக விடுவித்தார். 1911-ல் 30 ஆட்டங்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு மேலும் 35.

அதே 1911, டிசம்பர் 6-ந் தேதி ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கம் பிறந்தது. ஷார்ப் அதன் டைரக்டர். ஊர் தோறும் கிளை, விடுமுறைப் பள்ளி, பரீட்சை, சர்டிபிகேட் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். பள்ளிக்கூட உத்தியோகத்தை ஏற்கனவே விட்டுவிட்டார். சொற்பொழிவில் வருவதுதான் வருமானம். அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை கொடுத்தது.

நால்வர்

ஆடிக்காட்டுவதற்காக இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கியிருந்தார் ஷார்ப். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் பட்டர்வொர்த். இன்றும் பெயர் சொல்லும் இசையமைப்பாளர். இன்னொருவர் ரெஜினால்டு டிட்டி. ஆக்ஸ்போர்டு ஆசிரியர். அவர் ஆஸ்காட் என்ற கிராமத்தில், ஜனங்கள் கூடி ஆடுவதற்காகவே ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தவர். பெர்சிவல் லூகாஸ், ஜார்ஜ் வில்கின்சன் இருவரும் அதே கூட்டம்.

1914-ல் உலக யுத்தம் மூண்டது. நால்வரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 1916-ம் ஆண்டு பிரான்சுப் போர்க்களம் நால்வரையும் விழுங்கிவிட்டது. சில வாரங்களுக்குள் நான்கு பேர்! பட்டர்வொர்த் மாண்டபோது வயது 31.

ஷார்ப் அப்போது அமெரிக்காவில், மலைக்காட்டில் இருந்தார். தாம் வரிசையாக நிறுத்திப் பழக்கிய பிள்ளைகள் போன செய்திகள் அவருக்குக் கடல் கடந்து வந்து சேர்ந்தன.

சங்கம் அழியாமல் நின்றதற்குப் பெண்களே காரணம். வகுப்புகளை அவர்கள் நடத்தினார்கள். டெய்சி டேக்கிங் என்ற ஆசிரியை 1917-ல் பிரான்சுக்கே போய், காயம்பட்டு ஓய்வில் இருந்த சோல்ஜர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். குண்டுச் சத்தம் கேட்டுப் பழகிய ஆட்கள், பிடிலுக்குக் கால் எடுத்து வைத்தார்கள்.

மலைநாட்டு இரவு

ஷார்ப் அமெரிக்கா போனது பிழைப்புக்காகத்தான். யுத்தத்தில் இங்கிலாந்தில் வேலை படுத்துவிட்டது. 1914 கடைசியில், நியூயார்க்கில் நடக்க இருந்த ஷேக்ஸ்பியர் நாடகத்தின் இசைக்காகப் போனார். அங்கும் வகுப்பு நடத்தினார். 1915-ல் நடனச் சங்கத்தின் அமெரிக்கக் கிளைகளைத் தொடங்கினார். பாஸ்டன் அருகே ஹெலன் ஸ்டாரோ என்ற செல்வச் சீமாட்டியின் வீட்டில் இடுப்புவலியோடு படுத்திருந்தபோது, ஆலிவ் காம்ப்பெல் என்ற பெண்மணி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அப்பலாச்சியன் மலை ஜனங்களிடம் அவர் எழுதிவந்த பாட்டுகள் அவை. வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்த ஷார்ப், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்தில் மங்கிப்போன பாட்டுகள் கடலுக்கு அப்பால் வாழ்ந்துகொண்டிருந்தன!

1916 முதல் 1918 வரை மூன்று ஆண்டுகளில் மொத்தம் 46 வாரங்கள் மலைகளில் அலைந்தார். ரெயில் இல்லை, பாதை இல்லை. மைல் கணக்கில் நடை. மூச்சு இரைக்கும். மாமிசம் தொடாதவர் என்பதால் சாப்பாடும் கஷ்டம். கூடவே சென்றவர் மாட் கார்ப்பிலீஸ் என்ற இளம்பெண். மெட்டை ஷார்ப் எழுதுவார். வார்த்தைகளைக் கார்ப்பிலீஸ் சுருக்கெழுத்தில் எழுதுவார். 281 பேர் பாட, 1,612 மெட்டுகள் சேர்ந்தன.

1917-ல் கென்டக்கி மாகாணத்தில் பைன் மவுண்டன் என்ற இடத்தில் ஒரு மலைப்பள்ளியில் தங்கியிருந்தார். ஒரு நாள் இரவு, வீட்டுத் திண்ணையில் மங்கலான ஒரு லாந்தர். வாத்தியம் ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். காலால் தரையைத் தட்டினார்கள். ஜோடிகள் வட்டமாக ஓடி ஓடி ஆடின. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த ஆட்டம் சொல்பவர் ஷார்ப்புக்குப் புதிது. அவருடைய மாணவர்கள் ஆட்டத்தைப் பாடம் பண்ணியவர்கள். யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவிலோ பாடமே வேண்டாம். காது இருந்தால் போதும். முன்பின் தெரியாதவரும் ஆடலாம்.

ஆட்டம் சொல்லுவது லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இசை தொடங்கும் முன் ஒரு முறை எல்லோரையும் நடக்கவைத்துக் காட்ட வேண்டும். இசை தொடங்கியதும், அசைவு வருவதற்கு ஒரு சில தாளம் முன்னதாக அதன் பெயரைச் சொல்ல வேண்டும். ரொம்ப முந்தினால் மறந்துவிடுவார்கள், பிந்தினால் மோதிக்கொள்வார்கள். வரிசை பழகிவிட்டது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம் என்பார்கள்.

ஷார்ப் அந்த மலை ஆட்டத்தை எழுதி 1918-ல் வெளியிட்டார். அது பிளேஃபோர்டு காலத்துக்கும் முந்திய சுத்த ஆங்கில ஆட்டம் என்று அவர் முடிவு கட்டினார். இந்த முடிவு நிற்கவில்லை. பிரெஞ்சு ஆட்டம், ஸ்காட்லாந்து ஆட்டம், நீக்ரோ அடிமைகளாக இருந்த மக்களின் ஆட்டம் எல்லாம் அதில் கலந்திருப்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆட்டம் சொல்லும் வழக்கத்திலும் அந்தக் கறுப்பினப் பிடில்காரர்களின் பங்கு பெரிது. ஷார்ப் எங்கும் இங்கிலாந்தையே தேடினார். தேடியதையே கண்டார். பக்கத்தில் நின்ற கறுப்பு மனிதரை அவர் கண் சரியாகப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்

யுத்தம் முடிந்ததும் நாடு திரும்பினார். 1919-ல் கல்வி இலாகா அவரை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு நடனம், பாட்டு இன்ஸ்பெக்டராக நியமித்தது. 1923-ல் கேம்பிரிட்ஜ் கௌரவப் பட்டம் தந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1924 ஜூன் 23-ந் தேதி லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் தம் 64-வது வயதில் காலமானார்.

நண்பர்களும் மாணவர்களும் பணம் திரட்டினார்கள். 1930-ல் லண்டனில் செசில் ஷார்ப் மாளிகை திறக்கப்பட்டது. 1940-ல் ஜெர்மானியர் குண்டு அதன் மேல் விழுந்தது. பழுது பார்த்து 1951-ல் மறுபடி திறந்தார்கள்.

அந்த 1951 இன்னொரு விதத்திலும் விசேஷமானது. அக்டோபரில் கனடா சென்றிருந்த இளவரசி எலிசபெத், ஒட்டாவாவில் சதுர நடனம் ஆடினார். படம் பத்திரிகைகளில் வந்ததோ இல்லையோ, இங்கிலாந்து முழுவதும் அந்த ஆட்டத்தின் மேல் மோகம் பிறந்துவிட்டது. பாடம் பண்ணாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தால் ஆட்டம் சொல்பவர் இல்லாமல் நடக்குமா? ஷார்ப்புக்குப் பின் சங்கத்தை நடத்திய டக்ளஸ் கென்னடியும் பரீட்சைப் பிடியைத் தளர்த்தி, வந்தவர் எல்லோரும் ஆடட்டும் என்று வழி விட்டிருந்தார். மேரி நீல் 1944-லேயே காலமாகிவிட்டார். இதைப் பார்க்க அவர் இல்லை.

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து மாகாணங்களில், பழைய வரிசை ஆட்டம் கான்ட்ரா என்ற பெயரில் அழியாமலே இருந்துவந்தது. ஷார்ப் தொடங்கிய அமெரிக்கக் கிளைகளிலிருந்து வளர்ந்த சங்கம், இன்று ஆங்கில ஆட்டம், கான்ட்ரா இரண்டையும் வளர்க்கிறது. கான்ட்ரா மண்டபங்கள் பலவற்றில் ஆண் வரிசை, பெண் வரிசை என்ற பேச்சே இப்போது இல்லை. வானம்பாடி, ராபின் என்று பறவைப் பெயர்கள்தான். யாரும் எந்தப் பறவையாகவும் ஆடலாம். ஷார்ப் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகமே!

அவர் போட்ட கணக்கில் பிழையும் உண்டு. பிளேஃபோர்டு புத்தகத்தில் ஸைடிங் என்று ஓர் அசைவு வருகிறது. எப்படி ஆடுவது என்ற விளக்கம் இல்லை. எதிரும் புதிருமாக நிற்கும் இருவரும் வளைந்து சென்று, இடம் மாறி, திரும்பி வர வேண்டும் என்று ஷார்ப் யூகித்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே ஆடினார்கள். பிற்காலத்தில் பாட் ஷா என்ற நடன நிபுணர் வேறு வழி சொன்னார். இருவரும் முன்னேறித் தோளோடு தோள் சேர்ந்து நின்று, வந்த வழியே பின்வாங்க வேண்டும். அதுவே பழைய முறைக்குப் பொருத்தம் என்றார். நிபுணர்கள் பலர் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் ஷார்ப் முறையை யாரும் தூக்கி எறியவில்லை. ஆட அது அழகாக இருக்கிறதே, என்ன செய்வது? ஆகவே ஆட்டம் சொல்பவர் இசை தொடங்கு முன் இன்றைக்கு எந்த ஸைடிங், ஷார்ப்புடையதா, ஷாவுடையதா என்று அறிவித்துவிடுகிறார். சொல்ல மறந்தால், பாதி வரிசை வளைந்து போகும். மீதி வரிசை நேராக வந்து அதன்மேல் முட்டிக்கொள்ளும்.